முந்நூற்றுப் பதினெட்டாம் எண்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஷோபனா ராணிக்கோட்டை மலைக்குப் பின்பக்கத்து ஏரிக்கரையில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். தோளில் ஒரு ரெக்சின் பை. பை நிறைய வாக்காளர் படிவங்கள்.

அங்கன்வாடியில் பதினேழு வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். குழந்தைகளை எடை போடுவது, முட்டை அவிப்பது, சொட்டு மருந்து என்று இருக்கிற வேலைகளுக்கு நடுவே தேர்தல் வேலையும் வந்து சேரும். இந்த முறை வந்தது பெரிய திருத்தம். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் அவரோ அவருடைய தாய் தகப்பனோ இருந்ததைக் காட்ட வேண்டும். மூன்று தடவை போயும் ஆள் இல்லையென்றால் 'இடம் பெயர்ந்தவர்' என்று குறித்துவிடலாம். செத்திருந்தால் 'இறந்தவர்'. இந்த ஏரிக்கரைப் பகுதியை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர், உடம்புக்கு முடியவில்லை என்று திடீரென்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டார். அதனால்தான் அது ஷோபனா தலையில் விழுந்தது.

ஏரிக்கரையில் ஏழு குடிசைகள். செங்கல் சூளைக்குப் போகிற ஜனங்கள். வருஷத்தில் பாதி நாள் சூளையில் இருப்பார்கள், பாதி நாள் இங்கே. பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் பாரதி என்கிற இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு மட்டும்தான் சரளமாகப் படிக்கத் தெரியும். ஷோபனா பதினொரு படிவங்களையும் அவளிடமே கொடுத்து, எங்கே என்ன எழுத வேண்டும் என்று விளக்கிவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு பாறை. கணக்கைச் சரிபார்க்கலாம் என்று அதன் ஓரமாகக் குந்தினாள். உச்சிப்பொழுது. காற்று நின்றிருந்தது. மலை மேல் குரங்குகள்கூடச் சத்தம் போடவில்லை.

"எல்லாரையும் எழுதிக்கினியா?"

நிமிர்ந்து பார்த்தாள். பாறையின் மறு முனையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். ரவிக்கை இல்லாமல் அரக்குச் சீலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் கல் உடைக்கிற சுத்தியல். விரல்களெல்லாம் கல்பொடி அப்பி வெளுத்துக் கிடந்தன.

"எழுதிட்டேன். உனக்கு ஃபாரம் குடுத்தனா?"

"எனக்குக் குடுக்கல."

ஷோபனா பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துப் பென்சிலைத் தேடினாள். "பேரு இன்னா?"

"குஞ்சம்மா."

"வயசு?"

"முப்பத்திரண்டுன்னு போன தபா எழுதுனாரு."

"வீட்டுக்காரர் பேரு?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அத எப்டிம்மா என் வாயால சொல்லுவேன்."

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்களெல்லாம் எண்பதைத் தாண்டியவர்கள். "இந்தக் காலத்துல இப்டி ஒருத்தியா? சரி, நாளைக்கி வரேன். யாரையாச்சும் பக்கத்துல நிக்க வெச்சிச் சொல்லச் சொல்லு."

"நாளைக்கி வருவியா?"

"வரேன்."

"மெய்யாலுமே வருவியா?"

"வரேன்னு சொல்றன் இல்ல?"

பெயரையும் வயதையும் பென்சிலால் எழுதினாள். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. தூறல் அவள் தாளின் மேலேயே விழுந்து எழுத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் விரல்களில் இருந்த பொடி கரையவே இல்லை. தலையைத் தூக்கினாள். பாறையில் யாரும் இல்லை. அங்கிருந்து குடிசைக்கு நூறு அடி வெட்டவெளி. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் யாரும் அதைக் கடந்திருக்க முடியாது.

ஷோபனா பாரதியின் குடிசைக்குத் திரும்பி ஓடினாள். "இங்க குஞ்சம்மான்னு யாரு?"

பாரதி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "அப்டி யாரும் இல்ல டீச்சர். ஆனா லிஸ்ட்டு எழுத வரவங்க எல்லாரும் அந்தப் பேரத்தான் கேக்கறாங்க. போன தபா வந்த வாத்தியாரும் கேட்டாரு. அப்புறம் அவரு இந்தப் பக்கமே வரல."

*

மறுநாள் ஷோபனாவால் போக முடியவில்லை. மேற்பார்வையாளர் பார்த்திபன் கூட்டம் போட்டுவிட்டார். அதற்கு மறுநாள் தடுப்பூசி. மூன்றாம் நாள், மையத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கையில், சமையல் உதவிக்கு இருக்கும் வசந்தா கரண்டியோடு நின்றாள்.

"யாருக்கா அது, பின்னாடி கல்லு உடைக்கறது?"

ஷோபனாவுக்கும் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில். வசந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரையும் காணோம்" என்றாள். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்ற விதம் ஷோபனாவுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு அவளே போய்ப் பார்த்தாள். ஜன்னல் திட்டின் மேல் ஒரு பிடி கல்பொடி கிடந்தது. ஐந்து விரல் பட்ட தடம் அதில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கடைவீதியில் சிங்காரவேலு அவளைக் கூப்பிட்டார். ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கிற மூன்று தலைமுறைக் கடை அவருடையது. அந்த வாக்குச்சாவடிக்கு ஒரு கட்சியின் ஏஜென்ட்டும் அவர்தான். நல்ல மனிதர். அங்கன்வாடிக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கப் பெயின்ட் கொடுப்பவர். அதனாலேயே அவர் சொன்னது ஷோபனாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஏரிக்கரை ஆளுங்க மேல ஆட்சேபணை எழுதிக் குடுத்துட்டேம்மா. உன்கிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் கூப்ட்டேன்."

"இன்னாண்ணே இது? அவங்க இங்கதான இருக்காங்க?"

"ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் எங்கியோ. ஊருக்குன்னு ஓட்டு போடறவனுக்கு ஊர்ல வேர் இருக்கணும். மொதல் மொதல்ல இந்த நாட்டுக்கு ஓட்டு லிஸ்ட்டு போட்டாங்களே, அப்ப இருந்த பெரியவங்க ஒரு எண்ணத்தோட போட்டாங்க. அந்த எண்ணத்த விட்டுட்டு நாம இஷ்டத்துக்கு நீட்டிக்கினே போவக் கூடாது." அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். "சும்மா சொல்லல. எங்க தாத்தாதான் இந்தப் பக்கத்துக்கு மொதல் லிஸ்ட்டு எழுதுனவரு. ஐம்பத்தொண்ணுல. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா பாத்து வீடு வீடா அனுப்புனாங்களாம். அவரு கைப்பட எழுதுன நகல் இது."

மஞ்சள் துணியைப் பிரித்தார். பழுப்பேறிய தாள்கள். மை மங்கினாலும் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் தாளின் தலைப்பில், பயிற்சியில் கேட்டதைக் குறித்துக்கொண்டது போல நாலு வரி. படிப்பு கேட்க வேண்டாம். நிலம் கேட்க வேண்டாம். ஆண் பெண் பார்க்க வேண்டாம். இருபத்தொரு வயது ஆன யாரையும் விட வேண்டாம்.

ஷோபனா அந்த வரிகளின் மேல் விரலை வைத்தாள். "பெரியவங்க எண்ணம் இதானண்ணே?"

சிங்காரவேலு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எண்ணம் அதான். ஆனா பாரு, தாத்தா போயி எழுதிக்கினு வந்ததுல ஏரிக்கரை ஆளு ஒருத்தர்கூட இல்ல. அப்ப அவங்க இங்க இல்லன்னுதான அர்த்தம்?"

ஷோபனா தாள்களைத் திருப்பினாள். தெரு தெருவாக, வீடு வீடாகப் பெயர்கள். ஏரிக்கரையை ஒட்டின தெருவுக்கு வரும்போது எண்கள் வரிசையாக வந்தன. முந்நூற்றுப் பதினாறு. பதினேழு. அதற்கடுத்து பத்தொன்பது.

"ஒண்ணு விட்டுப் போச்சே."

"எது?" அவர் குனிந்தார். இத்தனை வருஷம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த தாளை அவர் ஒருபோதும் படித்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே ஒரு வரி அகலத்துக்கு இடம் இருந்தது. ஷோபனா தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். பென்சிலால் எழுதி அழித்த தடம். 'குஞ்சம்மாள். பெண். 32. க/பெ' என்று இருந்தது. கணவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. குறுக்கே ஒரு கோடு.

ஷோபனா பையைத் திறந்து, ஏரிக்கரையில் அவள் எழுதிய படிவத்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே பெயர். அதே வயது. அதே காலி இடம்.

சிங்காரவேலு தணிந்த குரலில் சொன்னார். "தாத்தா கடேசி காலத்துல புத்தி தடுமாறிப் போயி இருந்தாரு. மத்தியானம் ஆனா எழுந்து உக்காந்துக்குவாரு. செவுத்தப் பாத்து, 'பேரச் சொல்லும்மா, பேரச் சொல்லும்மா'ன்னு கெஞ்சுவாரு. யாரக் கேக்கறீங்கன்னா, 'நாளைக்கி வரேன்னு சொன்னேன்டா, போவல'ன்னு அழுவாரு. பத்து வருஷம் அப்டியே இருந்துட்டுப் போனாரு."

*

இரண்டாம் தடவை ஏரிக்கரைக்குப் போனபோது குடிசைகள் எல்லாம் வாயில் சாக்குப் படுதா இறக்கிக் கயிறு கட்டிக் கிடந்தன. சூளை மேஸ்திரி வழக்கத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வண்டி கொண்டு வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் சொன்னார். படிவங்களையும் பாரதி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஷோபனா பார்த்திபனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு விசிட் ஆச்சா? இன்னொண்ணு போயிட்டு, பதினொண்ணையும் ஷிஃப்டட்னு போட்டுடுங்க. டென்ஷன் ஆகாதீங்க. வேணும்னா அவங்க பிற்பாடு வந்து புதுசா எழுதிக்கட்டும்."

போனை வைத்தாள். அவளுக்குத் தெரியும், பிற்பாடு யாரும் வரமாட்டார்கள். சூளையிலிருந்து ஒரு நாள் லீவு வாங்குவதே பெரும்பாடு.

டொக்.

பாறையின் மேல் குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். அதே சீலை, அதே சுத்தியல். ஓடிவிடலாம் என்றுதான் ஷோபனாவுக்குத் தோன்றியது. ஆனாலும் நின்றாள்.

"அன்னிக்கி வந்தவரும் நாளைக்கி வரேன்னுதான் சொன்னாரு" என்றாள் குஞ்சம்மாள். குரலில் கோபமில்லை.

"அவரு வரல இல்ல?"

"நீ வந்துட்டியே."

எழுபத்து சொச்சம் வருஷம் இந்தப் பெண்ணுக்கு ஒரே நாளாக இருந்திருக்கிறது. போன அந்த ஆளுக்குப் பதிலாகத்தான் ஷோபனா வந்திருக்கிறாள் என்று அவள் நினைக்கிறாள்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். எழுதிவிட்டேன் என்று சொன்னால் போய்விடுவாள். அல்லது நிஜமாகவே எழுதிவிடலாம். ஒரு பெயர்தானே. ஆனால் பட்டியலில் செத்தவர்கள் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பது ஷோபனாவுக்குத் தெரியும். வாக்குப்பதிவு அன்று யாராவது ஒருத்தி அந்தப் பெயருக்கு விரலை நீட்டிவிட்டுப் போவாள். உயிரோடு இல்லாதவள் கையால் உயிரோடு இருக்கிறவர்கள் தலையெழுத்தை எழுதுகிற வேலை அது.

"எம்மா" என்று அழைத்தாள். "உன்ன இதுல எழுத முடியாது. இது இருக்கறவங்க லிஸ்ட்டு. நீ இல்ல."

குஞ்சம்மாள் சுத்தியலை மடியில் வைத்தாள். அவள் பார்வை மெதுவாகக் குடிசைகளின் பக்கம் திரும்பியது.

"அவங்க?"

"அவங்க இருக்காங்க."

"யாரையும் காணமே."

"சூளைக்குப் போயிருக்காங்க."

"காணலன்னா இல்லன்னுதான் எழுதுவாங்க" என்றாள் குஞ்சம்மாள்.

"நான் அப்டி எழுத மாட்டேன். போயி எழுதிக்கினு வரேன்."

"நாளைக்கா?"

"இல்ல. இப்பவே."

குஞ்சம்மாள் எழுந்து வந்தாள். நடந்தது போலத் தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றாள். வெகுநாள் பூட்டிக் கிடந்த கற்கோயில் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு குளிர்ச்சி. ஷோபனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காதோரம் ஒரே ஒரு பெயர், வெட்கத்தோடு, பாதி விழுங்கிய குரலில் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது ஏரியும் மலையும்தான் இருந்தன. தன் கை பென்சிலைப் பிடித்திருப்பதையும், படிவத்தின் காலி இடத்தில் 'தாண்டவராயன்' என்று எழுதியிருப்பதையும் பார்த்தாள்.

*

அன்று அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு போக, அவற்றுக்கு நடுவே ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு, அவலூர்பேட்டையையும் தாண்டி, ஆடு மேய்த்த கிழவர் வழி சொன்ன சூளைக்குப் போய்ச் சேர்ந்தாள் ஷோபனா. மேஸ்திரி வேலை கெடுகிறது என்று முணுமுணுத்தான். அரசாங்க வேலை என்று அட்டையைக் காட்டியதும் ஒதுங்கிக்கொண்டான்.

பதினொரு பேரும் அங்கே இருந்தார்கள். மண் பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து ஒவ்வொருவராகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பாரதி தன் படிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நாங்க ஊர்லயே இல்லாதவங்கன்னு கடைக்காரரு எழுதிக் குடுத்திருக்காராமே? மொதல் லிஸ்ட்டுல நாங்க இல்லையாமே?"

"அந்தக் காலத்துப் பெரியவங்க எண்ணம்னு சொல்றாரு."

"அவங்க எல்லாம் செத்துட்டாங்க இல்ல?" பாரதி புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். மண் கோடு ஒன்று விழுந்தது. "நல்லவங்களாதான் இருந்திருப்பாங்க. ஆனா அவங்க இன்னா நெனச்சாங்கன்னு நான் எங்கப் போயி கேக்கறது? நான் இங்க நிக்கறன். என்னப் பாத்து எழுதுங்க டீச்சர்."

ஷோபனா அவளைப் பார்த்து எழுதினாள்.

*

ஏஜென்ட்டுகள் கூட்டம் பள்ளிக்கூடத்தில் ஒரு காலை பத்து மணிக்கு நடந்தது. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள் பட்டியலைப் படித்துக் காட்டி, ஏஜென்ட்டுகளிடம் கையெழுத்து வாங்கி, வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்ட வேண்டும். அச்சடித்த பட்டியலில் நாற்பத்திரண்டு பேர் இறந்தவர்கள். ஷோபனா அதன் அடியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள். 'முதல் பட்டியல் எண் 318. குஞ்சம்மாள், க/பெ தாண்டவராயன், பெண், 32. இறந்தவர்.'

பார்த்திபன் எட்டிப் பார்த்தார். "இது இன்னா? சிஸ்டம்ல இல்லாத பேரு?"

"சிஸ்டம்ல ஏத்தல சார். செவுத்துக் காப்பியில மட்டும்தான். ஏஜென்ட்டுக்கு ஆட்சேபணை இல்லன்னா இருக்கட்டும்."

தாள் சிங்காரவேலுவிடம் போயிற்று. அவர் விரல் அந்த வரியில் நின்றது. "புருஷன் பேரு உனக்கு எப்டிக் கிடைச்சது?"

"அவங்களே சொன்னாங்கண்ணே."

அவர் பேனா மூடியைத் திறந்தார். "பத்து வருஷம் இந்தப் பேரத்தான் கேட்டுக்கினு கெடந்தாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாட்டுக்கு ஓட்டு வந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, குஞ்சம்மாளின் பெயர் அரசாங்கச் சுவரில் ஏறியது, இறந்தவள் என்று.

அதோடு முடிந்தது என்று ஷோபனா நினைத்தாள்.

இரண்டாம் நாள் காலை பள்ளிக்கூட வாட்ச்மேன் பீமாராவ் போன் செய்தார். "டீச்சர், உங்க நோட்டீஸ்ல யாரோ கிறுக்கியிருக்காங்க."

போய்ப் பார்த்தாள். குஞ்சம்மாளின் வரிக்குக் கீழே பென்சிலால் இன்னொரு பெயர் இருந்தது. 'முனியம்மாள், பெண், 45.' கோணல்மாணலான, எழுதிப் பழகாத கை. கேட் பூட்டியிருந்தது, ஒருவரும் உள்ளே வரவில்லை என்று பீமாராவ் சத்தியம் செய்தார். மறுநாள் இன்னும் நாலு. ஒன்று ஆண் பெயர், பக்கத்தில் 'நொண்டி' என்று எழுதியிருந்தது. மற்றவை வேறு வேறு கை. நாலாம் நாள் அவள் வேண்டுமென்றே உச்சிப்பொழுதில் போய் எதிரில் நின்றாள். தாளில் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தும்மல் வந்து ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்தபோது கீழே ஒரு வரி கூடியிருந்தது. தாளில் ஒட்டியிருந்த கல்பொடி அவள் மூச்சுக்காற்றில் பறந்தது.

சிங்காரவேலு அன்று மத்தியானமே மஞ்சள் துணி மூட்டையோடு வந்தார். கடையை யாரிடம் விட்டார் என்று தெரியவில்லை. அவருக்குச் சட்டை பித்தான் தப்பாகப் போட்டிருந்தது.

"ராத்திரி பூரா எண்ணிப் பாத்தேம்மா. தாத்தா லிஸ்ட்டுல ஏழு எடத்துல எண் விட்டுப் போயிருக்குது. ஏழுலயும் அழிச்ச தடம் இருக்குது. முனியம்மா இருக்குறா. நொண்டின்னு ஒரு ஆளும் இருக்கான். மழைநாளுல போயி எழுதியிருப்பாரு, பேரு சரியா வாங்கியிருக்க மாட்டாரு, திரும்பப் போவ சோம்பல் பட்டிருப்பாரு." மூச்சு வாங்கினார். "கெட்டவரு இல்லம்மா எங்க தாத்தா."

"தெரியும்ணே. எனக்கும் அன்னிக்கி சோம்பலாதான் இருந்தது."

இருவரும் சுவரில் இருந்த பெயர்களை எண்ணினார்கள். ஏழு. ஏழாவதில் 'க/பெ' என்பதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. பெயரும் இல்லை, வயது மட்டும் இருந்தது, பத்தொன்பது என்று.

"இவளுக்கு அப்ப ஓட்டு வயசே ஆவலியே" என்றார் சிங்காரவேலு. "அப்ப விட்டது சரிதான?"

அன்றைய சட்டப்படி அது சரி. இன்றைய சட்டப்படி அவள் வாக்காளர். பெயர் சொல்லாமல் நிற்கிற அந்தப் பெண் எந்தக் காலத்துச் சட்டத்தைக் கேட்டு வந்தாள் என்று யாருக்குத் தெரியும்? ஷோபனா பென்சிலை எடுத்து, ஏதாவது எழுதலாமா என்று பார்த்து, காலியாகவே விட்டாள்.

"நான் சொன்னது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்" என்றார் சிங்காரவேலு, மூட்டையைக் கட்டிக்கொண்டே. "அஸ்திவாரம்னு ஒண்ணு வேணும். ஆனா நான் அஸ்திவாரம்னு நெனச்சிக் கும்புட்டது பெரியவங்க சொன்னதே இல்ல. எங்க தாத்தா சோம்பல்ல விட்டது."

*

விசாரணை தை மாதம் வந்தது. பதினொரு பேரில் பத்துப் பேர், பழைய பட்டியலோடு விவரம் பொருந்தியதால், ஆட்சேபணையைத் தாண்டிப் பட்டியலில் ஏறிவிட்டார்கள். பாரதிக்கு மட்டும் நோட்டீஸ். அவளுடைய அம்மா பெயர் பழைய பட்டியலில் சாமுண்டி என்றும், இப்போது சாமுண்டீஸ்வரி என்றும் இருந்ததுதான் சிக்கல். சூளையிலிருந்து அரை நாள் லீவு கேட்டு, முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். சேலையில் செம்மண் கறை.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். அதிகாரி ஆதிலட்சுமி என்கிற நடுத்தர வயதுப் பெண்மணி, கண் எரிகிறாற்போல் கசக்கிக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். "உங்க மேல ஒரு ஆட்சேபணையும் இருக்குது. கொடுத்தவர் வந்திருக்காரா?"

பின் பெஞ்சிலிருந்து சிங்காரவேலு எழுந்தார். ஷோபனா அவரை எதிர்பார்க்கவில்லை. பாரதி திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு, "நான் குடுத்தது எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்தாம்மா. முழுசாத் தெரியல. வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். அதிகாரி சத்தமாகச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொன்னார்.

ஆதிலட்சுமி இரண்டு பெயர்களும் ஒருத்திதானா என்று பாரதியிடம் கேட்டார். "ஒருத்திதான் மேடம். சூளையில எல்லாரும் சாமுண்டின்னுதான் கூப்புடுவாங்க. ஈஸ்வரின்னு சேத்துக் கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டா." பக்கத்தில் இருந்த ஒரு குமாஸ்தா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. இருபது நிமிஷம் எதையோ ஒப்பிட்டுப் பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டி, பெயர் சேர்ந்துவிட்டது என்று ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பாரதி அந்தச் சீட்டைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள். எடுத்தது ஆடியிருந்தது. இன்னொன்று எடுத்தாள்.

"ஓட்டு அன்னிக்கி மேஸ்திரி விடலன்னா?" என்று ஷோபனா கேட்டாள்.

"நம்பர் இருக்குது இல்ல டீச்சர். விடலன்னா சண்ட போட்டுட்டு வரேன்."

அவலூர்பேட்டை பஸ் முக்கில் திரும்புவது தெரிந்தது. பாரதி சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். படிக்கட்டில் கூட்டம் தொங்கியது. ஒரு கை அவளை இழுத்து ஏற்றிக்கொண்டது.